ப்ராஸ்டேட் வீக்கம்: பெரிய அறுவைக்குப் போகாமல் என்னென்ன வழிகள், எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ப்ராஸ்டேட் சுரப்பி பெருக்கத் தொடங்கியிருக்கும். எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருக்கும். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெருத்த எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. தேவைப்படுகிறவர்களிலும் பலருக்கு மாத்திரையே போதும்.

மாத்திரை போதாதவர்களுக்கும், அதன் பக்கவிளைவு தாங்காதவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. ஒரு காலத்தில் இவர்களுக்கு இருந்த ஒரே பதில் டி.யு.ஆர்.பி. அதாவது சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சீவி எடுக்கும் அறுவை. இப்போது யூரோலிஃப்ட், ரெஸும், ஐடிண்ட், எம்போலைசேஷன், அக்வாப்ளேஷன், லேசர் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லா விளம்பரமும் ஒரே பாட்டைத்தான் பாடும்: கத்தி இல்லை, வலி இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இதில் எது சிறந்தது என்று கேட்டால் யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. உங்கள் சுரப்பியின் அளவு என்ன, அதன் வடிவம் என்ன, சிறுநீர்ப்பைக்கு இன்னும் பலம் இருக்கிறதா, நீங்கள் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று பெயர்களாகச் சுருங்கிவிடும். அந்த வரிசையிலேயே போகலாம்.

முதல் படி: தொல்லைக்குக் காரணம் ப்ராஸ்டேட்தானா?

வயதான ஆணுக்குச் சிறுநீர்த் தொல்லை என்றால் உடனே ப்ராஸ்டேட் மேல் பழியைப் போடுவது வழக்கம். பல நேரம் அது சரிதான். ஆனால் சர்க்கரை நோய், பார்க்கின்சன், பழைய முதுகுத்தண்டுக் காயம், சிறுநீர்ப் பாதையில் தழும்புச் சுருக்கம், கிருமித் தொற்று, சிறுநீர்ப்பையில் கல் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும்.

இரவில் நான்கைந்து முறை எழுந்திருப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பலர் சிகிச்சைக்கு வருவதே அதற்காகத்தான். சிகிச்சைக்குப் பிறகும் அவ்வளவாகக் குறையவில்லை என்று ஏமாறுவதும் அதில்தான். சிலருக்கு அடைப்பு காரணமாக இருக்காது. இரவில் சிறுநீரகம் அதிகமாகச் சிறுநீர் தயாரிப்பதுதான் காரணமாக இருக்கும். கால் வீக்கம், இதய பலவீனம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய் உள்ளவர்களுக்கு இது சகஜம். ப்ராஸ்டேட்டை என்ன செய்தாலும் இது மாறாது.

கண்டுபிடிக்க ஒரு நோட்டும் அளவுக் குவளையும் போதும். மூன்று நாள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது என்று எழுதுங்கள். படுத்த பிறகு போனவற்றையும், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் கூட்டுங்கள். அது ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவு எழுச்சிக்கு வேறு காரணமும் இருக்கிறது என்று அர்த்தம். இந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சில் வராத தகவல் அதில் இருக்கும்.

சாப்பிடும் மருந்துகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜலதோஷத்துக்கு வாங்கும் சில மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில பழைய மருந்துகள் சிறுநீரை இறுக்கிவிடும். இரண்டு நாள் ஜலதோஷ மாத்திரை சாப்பிட்டு, மூன்றாம் நாள் சிறுநீரே வராமல் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி: எண்களைக் கையில் வாங்குங்கள்

தொல்லையை அளக்க உலகம் முழுக்க ஐ.பி.எஸ்.எஸ். என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமை. கடைசியாக இன்னொரு கேள்வி இருக்கும்: மீதி வாழ்நாள் முழுக்க இப்படியே போனால் எப்படி உணர்வீர்கள்? என்னைக் கேட்டால் சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அந்தக் கேள்விதான். 18 மதிப்பெண் வாங்கியும் கவலையில்லாமல் இருப்பவர் காத்திருக்கலாம். 12 வாங்கி, வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிட்டவர் காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் ஸ்கேன். ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 வீக்கம்' என்று எழுதியிருப்பார்கள், வீட்டில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிரேடை வைத்து எந்தச் சிகிச்சையையும் தீர்மானிக்க முடியாது. வேண்டியது கன அளவு. ரிப்போர்ட்டில் அது இல்லாவிட்டால் நீங்களே கணக்கிடலாம். சுரப்பியின் மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்குங்கள். உதாரணமாக 5 × 4.5 × 4.2 என்றிருந்தால் 94.5 வரும், 0.52ஆல் பெருக்கினால் சுமார் 49 மில்லி. சி.சி., கிராம் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் ஒன்றுதான். இளம் வயதில் இது 20 முதல் 25 வரை இருக்கும்.

இங்கே 30, 80 என்ற இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள். சிறு தலையீட்டுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சுரப்பிகளில்தான் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. 80ஐத் தாண்டினால் பட்டியல் வேறு.

வடிவத்தையும் கேளுங்கள். பக்கவாட்டு மடல்கள் இரண்டும் பெருத்துப் பாதையை நெருக்குவது ஒரு வகை. நடு மடல் வளர்ந்து சிறுநீர்ப்பைக்குள்ளேயே துருத்திக்கொண்டு நிற்பது இன்னொரு வகை. இந்த நடு மடல், முக்கும்போது மூடிபோல வாயிலை அடைக்கும். சுரப்பி சின்னதாக இருந்தும் தொல்லை பெரிதாக இருப்பவர்களில் பலருக்கு இதுதான் கதை. துருத்தல் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். சில சிகிச்சைகள் நடு மடல் இருந்தாலே சரிப்படாது. அதனால் ரிப்போர்ட்டில் 'மீடியன் லோப்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது யூரோஃப்ளோ. ஒரு புனலுக்குள் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள், கீழே உள்ள கருவி வேகத்தை அளந்து வரைபடம் போடும். உச்ச வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரிதாகக் கவலையில்லை, 10க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். ஆனால் குறைந்தது 150 மில்லி போயிருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். ஆஸ்பத்திரி பாத்ரூமில், கதவுக்கு வெளியே நாலு பேர் காத்திருக்க, 80 மில்லி மட்டும் போய்விட்டு வந்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும். அப்படி நடந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். நன்றாக முட்டும்வரை காத்திருந்து போங்கள், ஆனால் தாங்க முடியாத அளவுக்கு அடக்கவும் வேண்டாம். போன உடனே ஸ்கேன் வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். மிச்சச் சிறுநீர் 300 மில்லிக்கு மேல் எப்போதும் நிற்கிறதென்றால் விஷயம் சற்றுத் தீவிரமானது.

வேகம் குறைவு என்பதற்கு அடைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்கில் முக்கி முக்கிச் சிறுநீர்ப்பையின் தசை களைத்துப் போயிருந்தாலும் இதே எண்தான் வரும். சந்தேகம் இருந்தால் யூரோடைனமிக் சோதனை செய்வார்கள். மெல்லிய குழாய்கள் வைத்து அழுத்தத்தை அளக்கும் அந்தச் சோதனை கொஞ்சம் சங்கடமானதுதான். ஆனால் சர்க்கரை அல்லது நரம்பு நோய் உள்ளவருக்கும், மிச்சம் நிறைய நிற்பவருக்கும் அதைத் தவிர்க்க வேண்டாம். தசை செத்துப்போன சிறுநீர்ப்பைக்கு வாசலை மட்டும் அகலமாக்கி என்ன பயன்?

இவற்றோடு சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ப்ராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ஆகிய ரத்தப் பரிசோதனைகள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டிரைடு அல்லது டுடாஸ்டிரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும். அதை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். இந்த மாத்திரையைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், எச்சரிக்க வேண்டிய எண் சாதாரண எண்ணாகத் தெரியும். பி.எஸ்.ஏ. சந்தேகமாக இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி. அந்தக் கேள்வி தீர்ந்த பிறகே மற்றது.

மூன்றாம் படி: தள்ளிப்போடக் கூடாதவர்கள் யார்?

சிலருக்குச் சிகிச்சை வேண்டுமா என்ற விவாதமே கிடையாது. சிறுநீர் இறங்க வைக்கும் டியூபை (கதீட்டர்) எடுத்தால் திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்பவர்கள், அடைப்பால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், சிறுநீர்ப்பையில் கல் வந்தவர்கள், அடிக்கடி தொற்று வருபவர்கள், ப்ராஸ்டேட்டிலிருந்து ரத்தம் விடாமல் வருபவர்கள். இவர்களுக்கு அடைப்பை முழுமையாக நீக்கும் வழிதான் வேண்டும், அதாவது டி.யு.ஆர்.பி. அல்லது லேசர் போன்றவை. மென்மையான சிகிச்சைகளை ஆராய்ந்த பெரிய சோதனைகள் பலவற்றில் இத்தகையவர்களைச் சேர்க்கவே இல்லை.

ஓர் அறிகுறியைப் பலரும் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். வயதான ஆணுக்குப் புதிதாகத் தூக்கத்தில் படுக்கை நனையத் தொடங்கினால், அது முதுமை என்று விடக் கூடாது. நிரம்பிய பை வழிகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். உடனே மிச்சச் சிறுநீரும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: எதை விட்டுக்கொடுப்பீர்கள்?

எல்லாச் சிகிச்சையிலும் ஒரு பேரம் இருக்கிறது. சதையை எவ்வளவு அதிகமாக அகற்றுகிறோமோ அவ்வளவு நன்றாகச் சிறுநீர் போகும், அவ்வளவு நாள் பலன் நிற்கும். அதே அளவுக்கு விந்து வெளியேறுவது பாதிக்கப்படும், ரத்தக் கசிவும் மயக்க மருந்தும் கூடும். மென்மையான சிகிச்சை என்றால் இதெல்லாம் குறையும், கூடவே பலனும் குறையும். டி.யு.ஆர்.பி. அறிகுறி மதிப்பெண்ணைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. யூரோலிஃப்ட் ஐந்தாம் ஆண்டில் 36 சதவீதமும் ரெஸும் 48 சதவீதமும் குறைத்ததாக அவற்றின் சோதனைகள் காட்டின. 'டி.யு.ஆர்.பி. மாதிரியே, ஆனால் அறுவையில்லாமல்' என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

விந்து விஷயத்தில் குழப்பம் நிறைய. விறைப்பு ஒன்று, உச்ச உணர்வு ஒன்று, விந்து வெளியே வருவது மூன்றாவது. டி.யு.ஆர்.பி., லேசர் போன்றவற்றுக்குப் பிறகு பெரும்பாலானோருக்குப் பாதிக்கப்படுவது மூன்றாவது மட்டும்தான். விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு வெளியேறும். உடம்புக்குத் தீங்கில்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்பவருக்கும், அந்த மாற்றமே மனதை உறுத்தும் என்பவருக்கும் இது பெரிய விஷயம். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 70 வயதுக்காரருக்கு இதில் அக்கறை இருக்காது என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: சிகிச்சைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

யூரோலிஃப்ட்: எதையும் வெட்டுவதோ சுடுவதோ இல்லை. சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போய், பக்கவாட்டு மடல்களைச் சிறு கொக்கிகளால் இழுத்து இறுக்கிவிடுவார்கள், ஜன்னல் திரையை இருபுறமும் ஒதுக்கிக் கட்டுவதுபோல. பெரும்பாலும் நான்கைந்து கொக்கிகள் போதும், அவை நிரந்தரமாக உள்ளேயே இருக்கும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் அனுமதித்தது. விந்தைக் காப்பதில் இதற்கு நல்ல பெயர். பலருக்கு டியூபே தேவைப்படாது, சில நாளில் வேலைக்குப் போகலாம். 30 முதல் 80 மில்லி வரை, நடு மடல் அடைக்காத சுரப்பிக்கே இது பொருத்தம். ஐந்து ஆண்டில் 100 பேரில் சுமார் 14 பேருக்கு மறுபடி ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. 55 வயதில் செய்துகொள்பவர் அந்த எண்ணை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரெஸும்: நீராவிச் சிகிச்சை. கருவியின் முனையிலிருந்து ஒரு சிறு ஊசி சுரப்பிக்குள் இறங்கி, 9 வினாடி நீராவியைச் செலுத்தும். நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது விடும் வெப்பத்தில் சுற்றியுள்ள செல்கள் சாகும். இப்படிச் சில இடங்களில். மொத்த வேலையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2015இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. நடு மடலுக்கும் செய்யலாம் என்பது இதன் பலம். ஐந்து ஆண்டில் மறு அறுவை 4.4 சதவீதம் என்பதும் நல்ல எண்.

ஆனால் இதைச் செய்துகொள்பவர்கள் எதிர்பார்க்காதது முதல் மூன்று வாரம். செத்த செல்களை உடம்பு கரைத்து வெளியேற்ற வேண்டும். அதற்குள் சுரப்பி வீங்கும், அதனால் 3 முதல் 7 நாள் டியூப் இருக்கும். டியூபை எடுத்த பிறகு எரிச்சல், அவசரம், அடிக்கடி போவது எல்லாம் முன்னைவிட மோசமாகக்கூடத் தோன்றலாம். சிறு சதைத் துணுக்குகள் சிறுநீரில் வரும். ஏமாந்துவிட்டோமோ என்று பலரும் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு திருப்பம் வரும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். மகள் கல்யாணம் அடுத்த மாதம் என்றால், அதற்கு முன்னால் இதைச் செய்துகொள்ள வேண்டாம்.

ஐடிண்ட்: நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் ஆன தற்காலிகக் கருவி. மடக்கி உள்ளே வைத்தால் விரிந்து மூன்று இடங்களில் அழுத்தி, பாதையில் பள்ளம் உண்டாக்கும். 5 முதல் 7 நாளில் எடுத்துவிடுவார்கள். உடம்புக்குள் எதுவும் தங்காது, விந்தும் பாதிக்கப்படாது. அந்த ஐந்தாறு நாளும் கருவி உள்ளே இருக்கும் உறுத்தலோடுதான் நடமாட வேண்டும். 25 முதல் 75 மில்லி வரை, நடு மடல் இல்லாதவருக்கு. எஃப்.டி.ஏ. அனுமதி 2020இல் வந்ததால் நீண்ட காலத் தரவு குறைவு.

இதே வரிசையில் ஆப்டிலூம் என்ற மருந்து பூசிய பலூனுக்கு 2023இல் அனுமதி கிடைத்திருக்கிறது. பாதையை விரித்து, மூடாமலிருக்க பாக்லிடாக்சல் மருந்தைத் தடவிவிட்டு வரும். ஆர்வத்தோடு கவனிக்க வேண்டியது, ஆனால் இன்னும் புதிது.

எம்போலைசேஷன்: இதை யூராலஜிஸ்ட் செய்வதில்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் செய்வார். தொடையிலோ மணிக்கட்டிலோ ரத்தக் குழாய் வழியாக நுண்குழாயைச் செலுத்தி, ப்ராஸ்டேட்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் மணல்போன்ற நுண்துகள்களை விட்டு அடைத்துவிடுவார். ரத்தம் குறைந்து சுரப்பி மெல்லச் சுருங்கும். மயக்கம் தேவையில்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போனால் போதும். சிறுநீர்ப் பாதைக்குள் எதுவும் போவதில்லை.

80 மில்லிக்கு மேல் பெருத்த சுரப்பி, மயக்க மருந்து தாங்காத இதயம், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்த முடியாத நிலை என்று இருப்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் வயதானவர்களின் தமனிகள் வளைந்து நெளிந்து, கால்சியம் படிந்து கிடக்கும். சிலருக்குக் குழாயை உள்ளே கொண்டுபோகவே முடியாது. துகள்கள் தவறான கிளையில் போனால் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ புண் வரலாம், அரிதுதான். எக்ஸ்ரே சாயம் போடுவதால் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். இதைப் பழக்கப்பட்ட கைகளில் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய யூராலஜி வழிகாட்டுதல், டி.யு.ஆர்.பி. அளவுக்குப் பலன் இருக்காது என்பதை ஏற்பவருக்கு இதைச் சொல்லலாம் என்கிறது.

அக்வாப்ளேஷன்: ஸ்கேன் படத்தில் மருத்துவர் எல்லை வரைந்து கொடுக்க, ரோபோ வேகமான நீர்த்தாரையால் சதையை வெட்டும். வெட்டும் நேரம் சில நிமிடங்கள்தான். மயக்கமும் ஆஸ்பத்திரியில் ஓரிரவும் தேவை. எனவே இது சிறு தலையீடு என்று சொன்னாலும், உண்மையில் அறுவைதான். வெப்பம் இல்லாததாலும் விந்துக் குழாய் திறக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு வெட்டுவதாலும் விந்து பெரும்பாலும் காக்கப்படுகிறது. டி.யு.ஆர்.பி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில் விந்து பாதிப்பு 10 சதவீதம், டி.யு.ஆர்.பி.யில் 36. 80 முதல் 150 மில்லி வரையுள்ள சுரப்பிகளிலும் சோதித்திருக்கிறார்கள். ரத்தக் கசிவுதான் இதன் பலவீனம்.

லேசர்: ஹோலெப் என்பது பெருத்த சதையை உறையிலிருந்து முழுதாகப் பிரித்து, பைக்குள் தள்ளி, பொடித்து எடுப்பது. எந்த அளவுச் சுரப்பிக்கும் செய்யலாம், 200 மில்லிக்கும் கூட. மறு அறுவை தேவைப்படுவது மிகக் குறைவு. எடுத்த சதையைச் சோதனைக்கும் அனுப்பலாம். பதிலுக்கு, விந்து பின்னோக்கிப் போவது முக்கால்வாசிப் பேருக்கு நடக்கும், சிலருக்குச் சில வாரம் இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும். கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும் கலை என்பதால் மருத்துவரின் அனுபவம் இங்கே ரொம்ப முக்கியம். கிரீன்லைட் லேசர் சதையை ஆவியாக்கிவிடும். ரத்தம் மெலிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றது, ஆனால் சோதனைக்கு அனுப்பச் சதை மிஞ்சாது.

சுரப்பி 30 மில்லிக்குக் குறைவாக இருந்து வாயில் மட்டும் இறுகியிருந்தால், சதையை எடுக்காமல் ஒன்றிரண்டு இடத்தில் கீறிவிடும் பழைய டி.யு.ஐ.பி. முறையே போதும். புதுப் பெயர்களின் கூட்டத்தில் இதை யாரும் நினைப்பதே இல்லை. டூனா என்ற ரேடியோ அலை ஊசி முறையை யாராவது பரிந்துரைத்தால் மட்டும், ஏன் என்று இரண்டு முறை கேளுங்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் அதை வேண்டாம் என்று சொல்லி நாளாகிவிட்டது.

ஆறாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எந்த மருத்துவமனையும் தன்னிடம் இருக்கும் கருவியைத்தான் முதலில் சொல்லும். அது ஏமாற்று இல்லை, இயல்பு. அதனால் கேள்விகளைத் தயாராக எடுத்துக்கொண்டு போங்கள். என் சுரப்பியின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏன் இது? இங்கே இல்லாத வேறு எது எனக்குப் பொருந்தும்? நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி செய்ய நேர்ந்தது? டியூப் எத்தனை நாள்? இது பலிக்காவிட்டால் அடுத்து டி.யு.ஆர்.பி.யோ லேசரோ செய்ய இடைஞ்சல் உண்டா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பெரும்பாலான சிகிச்சைகளுக்குப் பிறகு அடுத்ததுக்கு வழி திறந்தே இருக்கும்.

இன்னொன்று, மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா? பாதையின் இறுக்கத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் சில நாளிலேயே வேலை செய்யும். ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு போன்றவை சுரப்பியைச் சுருக்க ஆறு மாதமாவது ஆகும். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்று சொல்வது நியாயமில்லை. டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் கண்புரை அறுவைக்குப் போனால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அறுவையின்போது கண்மணிப் படலம் தளர்ந்து தொல்லை தரும்.

ஏழாம் படி: தேதி குறித்த பிறகு

சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்து, தொற்று இருந்தால் முதலில் தீர்க்க வேண்டும். தொற்றோடு உள்ளே கருவியை விட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் மெலிக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் விஷயத்தில் இதய மருத்துவரும் யூராலஜிஸ்டும் பேசி முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் ஒரு வாரம் முன்பே சரிசெய்யுங்கள். இரண்டு நாள் தளர்வான லுங்கியோ வேட்டியோதான் சரிப்படும். கூட ஒருவர் வர வேண்டும், திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டக் கூடாது.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

டியூபோடு வந்தால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு பையை மெத்தை மேல் வைத்தால் சிறுநீர் திரும்பி ஓடும். குழாய் மடங்காமல் தொடையோடு ஒட்டி வையுங்கள். பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள், தொடும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள். டியூப் இருக்கும்போதே அவசரமாக முட்டுவதுபோல இழுத்துப் பிடிக்கும். அது சிறுநீர்ப்பை சுருங்குவதால் வருவது; மாத்திரை கொடுத்தால் அடங்கும். அப்போது முக்கினால் டியூபைச் சுற்றிச் சிறுநீர் வழியும்.

சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது சில நாள் முதல் சில வாரம் வரை சகஜம். தண்ணீர் அதிகம் குடித்து நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சதையை வெட்டிய சிகிச்சை என்றால் 10 முதல் 14 நாளுக்குள் பொருக்கு உதிர்ந்து, நன்றாயிருந்த சிறுநீர் திடீரென்று சிவக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதற்காகத்தான் இரண்டு மூன்று வாரம் கனம் தூக்காதே, சைக்கிள் ஓட்டாதே, முக்கி மலம் கழிக்காதே என்கிறார்கள். உடலுறவை எப்போது தொடங்கலாம் என்று சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும், கேட்டு வாருங்கள்.

கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பி வலித்தாலும், டியூபில் பல மணி நேரம் எதுவும் இறங்காவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் கழித்து

முதலில் சரியாவது வேகம். கடைசியில் சரியாவது அவசரமும் அடிக்கடி போவதும். அடைப்போடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டித் தடித்துப்போன சிறுநீர்ப்பை அமைதியாக ஆறு மாதம்கூட ஆகலாம். மூன்றாம் மாதத்தில் அதே கேள்வித்தாள், அதே யூரோஃப்ளோ, அதே மிச்ச அளவு. பழைய தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேகம் சில மாதத்தில் மறுபடி மெலிந்தால், சுரப்பி வளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சீக்கிரம் அது வளராது. தழும்பால் பாதையோ பையின் வாயிலோ சுருங்கியிருக்கலாம், உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சிகிச்சைகள் எதுவும் ப்ராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிடுவதில்லை. வெளி அடுக்கு அப்படியே இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் வருவதும் அங்கேதான். எனவே பி.எஸ்.ஏ. கண்காணிப்பு நிற்காது. வீக்கம் அடங்கிய பிறகு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்த்து, அதைப் புதிய அடிப்படை எண்ணாக எழுதி வையுங்கள். ஹோலெப் போன்றவற்றுக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கிருந்து ஏறினால், வழக்கமான எல்லைக்குள் இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். யூரோலிஃப்ட் செய்துகொண்டவர்கள் கொக்கிகளின் விவரம் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே காட்ட வேண்டும், உலோகம் படத்தில் நிழல் விழச் செய்யும்.